முப்பது நோன்பும் பிடித்தவள்

இன்றைக்கும் நோன்பு என்று சுல்தானா சொன்னதும், கரீமா இடியாப்பத் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். ரமலான் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பையும் அந்தப் பெண் பிடித்து முடித்தாயிற்று. அப்புறம் திங்கள், வியாழன் என்று ஆரம்பித்தாள். இன்றைக்கோ செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைக்கு என்ன நோன்பு என்ற கேள்வி கரீமாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"விடியுமுன்ன சாப்பிடுற சஹருக்கு நீ எந்திரிக்கவே இல்லியேம்மா... ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

சுல்தானா பள்ளிக்கூடத்து வெள்ளை பாஜு குரோங் சட்டையின் கையை விரல்வரை இழுத்து விட்டுக்கொண்டாள். ஊரே புழுங்கிச் சாகிற காலையில் அவளுக்கு மட்டும் குளிர்ந்தது. பதில் கூடத்திலிருந்து வந்தது.

"பிள்ளை அல்லாவுக்காகப் பட்டினி கெடக்குது. ஒனக்கு எங்க வலிக்குது? பெத்தவளா இருந்தா சந்தோசப்பட்டிருப்பா."

சொன்னவள் கதீஜா, கரீமாவின் கணவருக்கு அக்காள். 'பெத்தவளா இருந்தா...' அந்த வீட்டில் உப்புக்கு அடுத்தபடி அதிகம் புழங்கியது அந்தச் சொல்தான். ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டுக் கரீமாவின் காது மரத்துப் போயிருக்க வேண்டும். மரத்துப் போகவில்லை என்பதுதான் அவளுடைய கேடு.

கோலசிலாங்கூர் கடைத்தெருவில் அப்துல் மஜீதின் சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. கீழே கடை, மேலே வீடு. முதல் மனைவி காய்ச்சலில் போனபோது சுல்தானாவுக்கு ஒன்பது வயது. கணவனை இழந்து தம்பியோடு வந்துவிட்ட கதீஜாதான் இரண்டு வருடம் அந்தக் குழந்தையைக் கண்ணைவிட்டு அகலாமல் வளர்த்தாள். அதன் பிறகுதான் பாகான் நக்கோடா ஓமாரில் கருவாட்டு வியாபாரம் செய்த மூசாவின் தங்கை கரீமா, இருபத்தொன்பது வயதில், இரண்டாம் தாரமாக அந்த மாடிப்படி ஏறி வந்தாள். வந்த வருடமே ஒன்று தங்கி, மூன்றாம் மாதம் கலைந்தது. மறுபடி வைத்தியம் பார்க்கலாம் என்று மஜீது சொன்னபோது, எனக்குத்தான் ஒருத்தி இருக்கிறாளே என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள். அந்த ஒருத்தி அவளை 'உம்மா' என்று அல்ல, 'சாச்சி' என்றுதான் கூப்பிட்டாள். அதுவே போதும் என்று கரீமா இருந்தாள்.

சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்த பெண் சுல்தானா. போன வருடத்திலிருந்து இளைக்க ஆரம்பித்தாள். முதலில், பிள்ளை உயர்ந்துவிட்டாள், அழகு கூடிவிட்டது என்று எல்லாரும் மெச்சினார்கள். கன்னம் ஒட்டிக் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்ததும் பேச்சு மாறியது. கீழே தினமும் நூறு பேர் கை நனைக்கிற கடை, மேலே முதலாளி மகள் எலும்பும் தோலும் என்றால் ஊர் என்ன சொல்லும்? மாற்றாந்தாய் வயிற்றுக்குப் போடுவதில்லை என்று சொல்லும். சொல்லிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கரீமாவுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியாது. நோன்பு திறக்கிற நேரத்தில் சுல்தானா பாதிப் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்வாள். நோன்புக் கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருப்பாள், கஞ்சி மட்டும் குறையாது. எல்லாருக்கும் அவளே பரிமாறுவாள், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவாள். கதீஜாவின் கண்ணுக்கு அது பொறுப்பான பிள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் குளியலறையில், வாந்திச் சத்தம் வெளியே கேட்காதபடி, குழாய் நெடுநேரம் ஓடும்.

எல்லாவற்றையும்விடக் கரீமாவை அச்சுறுத்தியது வேறொன்று. சுல்தானா முப்பது நோன்பையும் ஒரு நாள் விடாமல் பிடித்திருந்தாள். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. விட்ட நாட்களைப் பிறகு பிடித்து ஈடு செய்வார்கள். பதினேழு வயதுப் பெண் மாதம் முழுவதும் இடைவிடாமல் பிடித்தாள் என்றால், ஆண்கள் அதை இறையச்சம் என்று மெச்சலாம். வீட்டுப் பெண்பிள்ளை மெச்சலாமா? கதீஜா மெச்சினாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மெச்சினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கரீமா கேட்டே விட்டாள். தலைவாரிவிடுகிற சாக்கில் அறைக்குள் போனாள். சீப்பில் கொத்தாக முடி வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாதத் தீட்டு வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். சுல்தானா கண்ணாடியில் அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு எழுந்து நேராகக் கதீஜாவிடம் போய், சாச்சி என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அழுதாள்.

அதற்குமேல் கரீமா சொன்ன ஒரு சொல்லும் ஏறவில்லை. மஜீது கல்லாவை விட்டு மாடிக்கு ஏறி வந்தார். கதீஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தாயில்லாப் பிள்ளையின் கற்பில் கறை பூசுகிறாள், நாளைக்கு எவன் வீட்டில் கட்டிக்கொடுப்பது என்று தம்பியிடம் முறையிட்டாள். நான் அதைக் கேட்கவில்லை, உடம்பில் ஏதோ கோளாறு, தீட்டு நின்று நாலு மாதமாக இருக்கும் என்று கரீமா திக்கித் திணறிச் சொன்னாள். 'நாலு மாசம்' என்ற சொல் அவள் நினைத்ததைச் சொல்லாமல், அவர்கள் பயந்ததைச் சொல்லிவிட்டது. மஜீது கையை ஓங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்கு அடித்திருக்கலாம்.

வியாழக்கிழமை கரீமா தன் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காகக் கிளினிக்குக்குப் போனாள். அங்கே நர்ஸ் மிஸ்ஸியாக இருந்தவள் நவமணி. கடைக்கு மீன்குழம்பு வாங்க வருகிற பழக்கத்தில், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாள். கேட்பாரற்ற துக்கம் யாராவது கேட்டால் நிற்குமா? கரீமா எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்கக் கேட்க நவமணியின் முகம் மாறியது.

மே மாதம் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் குழு ஒன்று வந்து, சுல்தானா படிக்கிற ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்ததாம். சுங்கை சோ பக்கம் தொழிற்சாலைப் பெண்களுக்கும் கொடுத்தார்களாம். பசித்தாலும் சாப்பிடாமல் இருப்பதுண்டா, அடுத்தவருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நீ ஒதுங்கிக்கொள்வாயா, சாப்பிட்ட பிறகு மனம் உறுத்துமா, இப்படியெல்லாம் கேள்விகள். சாப்பாட்டையே எதிரியாக நினைக்கிற நோய் ஒன்று இருக்கிறது, அது யாருக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அந்தத் தாள். தோட்டத்துப் பிள்ளைகளில் மூன்று பேரைக் கண்டுபிடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பியும் விட்டார்கள்.

"அப்ப எங்க பிள்ளை எழுதலியா?" என்றாள் கரீமா.

எழுதினாள் என்றாள் நவமணி. குழு வந்தது நோன்பு மாதத்தில். அந்த வகுப்பில் முஸ்லிம் பெண்கள் பத்தொன்பது பேர். பசித்தாலும் சாப்பிடமாட்டேன், எப்போதும் என்று பத்தொன்பது பேரும் கோடு போட்டிருந்தார்கள். நோன்பாளிப் பெண் வேறு என்ன போடுவாள்? கூட்டிப் பார்த்தால் அத்தனை பேரும் நோயாளி. இது நோன்பு, நோயில்லை என்று குழுத்தலைவர் சிரித்துக்கொண்டே அந்தத் தாள்களைத் தனியாகக் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டார். பெருநாளுக்குப் பிறகு மறுபடி வந்து கேட்பதாகச் சொன்னார். பெருநாள் வந்துபோயிற்று, அவர் வரவில்லை.

"பத்தொன்பது பேரும் பொழுது சாஞ்சு மக்ரிபு பாங்கு சொன்னதும் சாப்பிட்டாங்க மிஸ்ஸி," என்றாள் கரீமா. "என் பிள்ளை அப்பவும் சாப்பிடல."

நவமணி பேனாவை எடுத்தாள். கரீமா கண்டது ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். பேரீச்சம்பழம், குழாய்ச் சத்தம், சீப்பில் வந்த முடி, முப்பது நோன்பு. இந்தப் பெண்ணை உடனே மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று முடித்தாள். கீழே தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கரீமா அந்தக் கடிதத்தைக் குரானை உறைக்குள் வைத்துக் கொண்டு போவதைப்போல நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

மஜீதுக்கு மலாய் நன்றாக வாசிக்க வரும். கடிதத்தின் தலைப்பிலேயே 'மனநோய்ப் பிரிவு' என்று இருந்தது. அதற்குமேல் அவர் வாசிக்கவில்லை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட கதீஜா, தலையில் அடித்துக்கொண்டாள்.

"மொதல்ல கெட்டுப் போனவள்னா. இப்ப கிறுக்கிங்கிறா. தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு இந்த வீட்ட ஆளப் பாக்குறா... ஒனக்கு இன்னுமா புரியல தம்பி?"

"ஒரு கையெழுத்துங்க," என்றாள் கரீமா. கணவன் காலருகே அவள் உட்கார்ந்திருந்தாள். "தப்பா இருந்தா என்னைத் தலாக்குச் சொல்லிருங்க. சரியா இருந்தா பிள்ளை பொழைக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் ஒங்களுக்கு நஷ்டமில்ல."

மஜீது கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கெட்டவர் இல்லை அவர். மகளுக்குப் பைத்தியப் பட்டம் வாங்கிக் கொடுத்த தகப்பன் என்ற பேருக்குப் பயந்தவர். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது!

"நீ கொஞ்ச நாளைக்கு ஒங்க மூசா காக்கா வீட்டுல போயி இரு கரீமா," என்றார்.

கரீமா நாலு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். படியிறங்குமுன் கதீஜாவின் முன்னால் போய் நின்றாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மச்சி... சாப்பிட்டேன்னு சொன்னா நம்பாதீங்க. கண்ணால பாருங்க. சாப்பிட்ட பொறவும் ஒரு மணி நேரம் கூடவே இருங்க."

கதீஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது கரீமாவுக்கு வலிக்கவில்லை. அறை வாசலில் நின்ற சுல்தானாவின் முகத்தில், சிறைக் கதவு திறந்ததைப்போல ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் வலித்தது. பஸ் தஞ்சோங் காராங்கைத் தாண்டுகிறவரை, தன்னை இப்படி வெறுக்க அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தோம் என்றே அவள் யோசித்துக்கொண்டு போனாள்.

பாகான் நக்கோடா ஓமாரில் மூசாவின் மனைவி எதுவும் கேட்காமல் சோறு போட்டாள். கரீமா மீனைக் கீறி உப்பு வைத்தாள், காயப் போட்டாள், புரட்டினாள். ஒவ்வொரு தட்டுச் சோற்றுக்கும் முன்னால், சுல்தானா இந்நேரம் எதை எங்கே ஒளிக்கிறாளோ என்ற நினைப்பு வந்தது. அண்ணன் இரண்டு முறை போன் செய்து பார்த்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று கடையிலிருந்து பதில் வந்தது.

ஐந்தாவது வாரம், ஒரு முற்பகலில், வாடகைக் காரில் மஜீது வந்து இறங்கினார். தாடி முளைத்து, சட்டை கசங்கி, பத்து வயது கூடியவரைப்போல இருந்தார். கருவாட்டுப் பாய்க்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னார். பள்ளிக்கூடத்தில் காலை அணிவகுப்பில் சுல்தானா சரிந்து விழுந்தாள். நெஞ்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி மெதுவாக அடிக்கிறதாம். கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இன்றோடு ஒன்பது நாள்.

"ஒன்பது நாளா..." என்றாள் கரீமா. "எனக்குச் சொல்ல ஒன்பது நாளாச்சா?"

அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். கரீமா உப்புக் கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினாள். வழி முழுவதும் அவர்தான் பேசினார். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது சட்டைப் பையில் கிடந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாராம். அதைப் படித்த பெண் டாக்டர், இவ்வளவையும் கவனித்த பெண் யார், அவர் எங்கே என்று அன்றிலிருந்து தினமும் கேட்டாராம். சொல்ல வெட்கப்பட்டு இவர்தான் நாளைத் தள்ளினாராம்.

அந்த டாக்டர் பெயர் வாகீஸ்வரி, மே மாதம் வந்த குழுவும் அவருடைய பிரிவுதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒல்லியான மனுஷி, கண்ணாடிக்குள்ளே தூக்கமில்லாத கண்கள். ஒதுக்கி வைத்த அந்தக் கட்டைத் தேடிப் பிரித்து, சுல்தானாவின் தாளை மேசைமேல் வைத்திருந்தார். மற்றப் பெண்கள் 'எப்போதும்' என்று போட்ட கேள்விகள் மூன்றோ நாலோதான். இவள் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தாள். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இரண்டு கோடு விட்டிருந்தார்கள். அதில் மலாயில் எழுதியிருந்ததை டாக்டர் தமிழில் சொன்னார்.

"'எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். எனக்கு அவரைப் பார்த்தால் பயம்.' மே மாதமே எழுதியிருக்கிறாள் பிள்ளை. நாங்கள்தான் வாசிக்கேல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கட பிழை அது. உங்களிட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

கரீமாவிடம் யாரும் அதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அதை வாங்கி எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை பிழைப்பாளா என்று கேட்டாள். டாக்டர் பொய் சொல்லவில்லை. இதயம் மெலிந்துவிட்டது, சிலர் திரும்பி வருகிறார்கள், சிலர் வருவதில்லை, இப்போது எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

வராந்தா பெஞ்சில் கதீஜா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கரீமாவைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நா பக்கத்துலயே இருந்தேன்டி. மூணு வேளையும் நாந்தான் குடுத்தேன். சாப்பிட்டுட்டேன் மாமின்னு சிரிப்பா... நம்பிட்டேன். இன்னைக்குக் காலையில தலவாணி உறைய மாத்துனாங்க. உள்ள அத்தனையும் சோறு... ஒன்பது நாள் சோறும் ரொட்டியும்..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "போன வருசம் ரவாங் கல்யாணத்துல நாந்தான் சொன்னேன். பிரியாணிக் கடைக்காரர் மகள்னு ஒடம்பே சொல்லுதுன்னு, எல்லாரும் சிரிக்கச் சிரிக்க நாந்தான் சொன்னேன். அன்னையிலேர்ந்துதான் அவ... நா ஒன்ன வெரட்டிட்டு அவளக் கொன்னுட்டேன் கரீமா."

கரீமா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. இரண்டு பேரும் பெறாதவர்கள், இரண்டு பேரும் வளர்த்தவர்கள். ஒரே பிள்ளைக்காக இத்தனை நாள் எனக்கு, உனக்கு என்று பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சேர்ந்து அழுதார்கள். இது ஒரு சொல்லாலே வருகிற வருத்தம் இல்லை அம்மா, நோய்க்கு வேர் பல என்று டாக்டர் பின்னால் வந்து நின்று சொன்னார். கதீஜாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

பிறகு டாக்டர் எதற்காகக் கரீமாவை வரவழைத்தார் என்பதைச் சொன்னார். மருந்து இதற்கு அதிகம் இல்லை. ஒவ்வொரு வேளையும் எதிரே ஒருவர் உட்கார்ந்து ஊட்ட வேண்டும், பிறகு ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட. அந்த ஆளை அவள் ஏசுவாள், சபிப்பாள், அடிக்கக்கூடச் செய்வாள். நோய் அவள் வாயால் பேசும். யார் வேண்டுமென்று சுல்தானாவிடமே கேட்டுப் பார்த்தாயிற்று.

"யாரெண்டாலும் பரவாயில்லை, சாச்சி மட்டும் வேண்டாமெண்டு சொல்லுறாள்," என்றார் டாக்டர். "அதாலைதான் நீங்கள் வேணும். அவளுக்கு ஏமாத்தேலாத ஆள் நீங்கள் ஒராள்தான்."

மஜீது மனைவியின் முன்னால் தலை குனிந்து நின்றார். என்னைப் பொறுத்துக்கொள் என்றார். உன் பேரில் களங்கம் இல்லை என்று ஊருக்கெல்லாம் நானே சொல்கிறேன், ஊட்டுகிற வேலை உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம், வீட்டில் வந்து நிம்மதியாக இரு என்றும் சொன்னார்.

ஆறு வருடமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் கரீமா காத்திருந்தாள். இன்றைக்குக் கிடைத்துவிட்டது. பழி நீங்கியவளாகப் படியேறிப் போகலாம். ஆனால் வார்டுக்குள் போய்க் கரண்டியை எடுத்தால், நாளைக்கே அங்கே பார்க்கிறவர்கள், பாவம் அந்தப் பெண்ணை மாற்றாந்தாய் என்ன பாடு படுத்துகிறாள் என்பார்கள். அந்தப் பிள்ளையும் அதையேதான் சொல்லும். பிழைத்து எழுந்தாலும் இந்த வெறுப்பு போகுமென்று யார் உறுதி சொல்வது?

"பேரு கெடக்கட்டுங்க," என்றாள் கரீமா. "கஞ்சி எங்க?"

பிற்பகல் மூன்று மணி. வார்டில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. போர்வைக்குள் ஒரு பெண் படுத்திருக்கிறாள் என்று சொன்னால்தான் தெரியும். முகத்தில் கண் மட்டுமே மிச்சமிருந்தது. கரீமாவைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் பயம் வந்தது, பிறகு கண்ணீர், பிறகு கரீமா எதிர்பார்த்து வந்த அந்த வெறுப்பு. கரீமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். முழங்கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டாள்.

"போங்க..." என்றாள் சுல்தானா. குரல் காற்றாகத்தான் வந்தது. "நீங்க என் உம்மா இல்ல."

"ஆமா. இல்லதான்," என்றாள் கரீமா. "வாயத் தொற."

சுல்தானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கரீமா கிண்ணத்தோடு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஜன்னல் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.